பேசும் பொம்மை செய்ய மரமா, பேப்பரா, ஃபைபரா, த்ரீடி பிரிண்ட்டா? பல வருஷம் உழைக்கணும்னா எதை எடுக்கலாம்

வென்ட்ரிலோக்விசம் பழகி உதடு அசையாம ஓரளவு பேச வந்ததும் அடுத்த கேள்வி பொம்மைதான். ஆன்லைன்ல கிடைக்கிற விலை குறைஞ்ச வினைல் பொம்மையில பிடரியில தொங்குற கயிறை இழுத்தா வாய் திறக்கும், அவ்வளவுதான், கண்ணு அசையாது, தலை இஷ்டத்துக்குத் திரும்பாது, ஒருநாள் கயிறு அறுந்து உள்ள போயிடுச்சுன்னா தலையைப் பிரிக்கவும் வழி இருக்காது. வெளிநாட்டு மேக்கர்கிட்ட சொல்லி செய்யலாம்னா விலையும் கஸ்டம்ஸும் சேந்து நம்ம கைக்கு எட்டாது. அதனால நாமளே செஞ்சிடலாம்னு இறங்குறோம், இறங்கினதும் எதுல செய்றதுன்னு குழம்பி அங்கேயே மாசக்கணக்கா நிக்கிறோம்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், காரணத்தை ஒவ்வொண்ணா பாக்கலாம். அடிக்கடி வெளிய தூக்கிட்டுப் போகப்போற முதல் பொம்மைன்னா மோல்டுக்குள்ள அடுக்கடுக்கா ஒட்டின பேப்பர் தலை, உள்ள மரச் சட்டம், தாடை ஆட உலோக அச்சுக்கம்பி, நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் காசுக்கும் இதுதான் ஒத்து வருது. இதையே தொழிலா எடுத்து மாசம் பூரா ஷோ பண்றவங்கன்னா அதே மோல்டுல ஃபைபர் தலை, அதாவது கண்ணாடி நாரை ரெசின்ல நனைச்சு இறுக வச்சு எடுக்கிறது. சிற்ப வேலை தெரிஞ்ச ஆசாரி பக்கத்துல இருக்கார், அவருக்கும் இதுல ஆசை இருக்குன்னா மட்டும் மரம். த்ரீடி பிரிண்ட் தலைக்கு வேணாம், உள் பாகங்களுக்கு ரொம்ப நல்லது. இதுல எந்த வழியில போனாலும் தலைக்குப் பின்னாடி திறந்து மூடுற கதவு ஒண்ணு வச்சே ஆகணும், ஏன்னா பொம்மையோட ஆயுசு அந்தக் கதவுலதான் இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

ஒரு பொம்மை எந்த வரிசையில கெட்டுப்போகுதுன்னு பாத்தா இது புரியும். முதல்ல போறது வாயை இழுக்கிற கயிறு. அடுத்து வாயைத் திருப்பி மூட வைக்கிற ஸ்ப்ரிங் இல்ல ரப்பர் பேண்ட். அடுத்து தலையும் தலைக்கம்பும் சேர்ற இடம், அதாவது உடம்புக்குள்ள கை விட்டு நாம பிடிச்சு ஆட்டுற உருளைக் கம்பு கழுத்துல வந்து ஒட்டுற இடம். அப்புறம் தாடை அச்சு நுழையுற ஓட்டை தேஞ்சு வாய் கோணலா ஆடும். உதட்டுலயும் மூக்கு நுனியிலயும் பெயிண்ட் உதிரும். மூஞ்சியே உடையறதெல்லாம் கீழ போட்டாதான், அது கடைசி. ஆனா நாம எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிறது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான்.

பழைய பொம்மைகளே இதுக்கு சாட்சி. அமெரிக்க வென்ட்ரிலோக்விஸ்ட் எட்கர் பெர்கனோட பொம்மை சார்லி மெக்கார்த்தி மரத்தலை, சிகாகோவுல தியோடர் மேக்ங்கிறவர் செதுக்கினது, 1978ல பெர்கன் சாகுற வரைக்கும் சார்லியோடதான் மேடை ஏறினார். அதே சிகாகோவுல ஃபிராங்க் மார்ஷல் பாஸ்வுட்ங்கிற லேசான மரத்துல செதுக்கினதுதான் இன்னொரு வென்ட்ரிலோக்விஸ்ட் பால் வின்செலோட ஜெர்ரி மஹோனி. இங்கிலாந்துல லென் இன்சல் காகிதக்கூழ் தலைகளுக்குப் பேர் போனவர். அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல ஃபோர்ட் மிட்செல்னு ஒரு ஊர், அங்க வென்ட் ஹேவன்னு இந்தப் பொம்மைகளுக்காகவே ஒரு மியூசியம், வில்லியம் ஷேக்ஸ்பியர் பெர்கர்ங்கிறவர் வாழ்க்கை பூரா சேத்து வச்சதை 1973ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. அங்க மரத்தலையும் இருக்கு, பேப்பர் தலையும் இருக்கு, ரெண்டும் பல தலைமுறை தாண்டி நிக்குது. இங்க மும்பையில வென்ட்ரிலோக்விஸ்ட் ராம்தாஸ் பாத்யே, அவங்க அப்பா ஒய்.கே. பாத்யே காலத்து அர்த்தவட்ராவ் பொம்மையை இன்னும் பேச வச்சிட்டு இருக்கார். ஒழுங்கா செஞ்சு ஒழுங்கா பாத்துக்கிட்டா எதுல செஞ்சாலும் நிக்கும், அதனால நம்ம கேள்வி எது நம்ம கைக்கும் நம்ம ஊர் காத்துக்கும் சரிப்படும்ங்கிறதுதான்.

மரத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா எல்லாருக்கும் ஆசை அதுலதான். மரத்தலைக்குன்னு ஒரு கம்பீரம் இருக்கு, ஸ்க்ரூ எங்க போட்டாலும் பிடிக்கும், தேஞ்ச ஓட்டையில மரக்குச்சி அடிச்சு திரும்பத் துளை போடலாம், அடிபட்டா பட்டி வச்சு தேச்சா தெரியாது. பிரச்சினை என்னன்னா மரம் செத்தாலும் அசையறதை நிறுத்தாது. மழைக்காலத்துல ஈரம் குடிச்சு உப்பும், பங்குனி சித்திரையில சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது, வளையத்தை ஒட்டின திசையில சுருங்குறது மையத்துலேர்ந்து வெளிய போற திசையில சுருங்குறதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனாலதான் நடுத்தண்டு உள்ள இருக்கிற முழு உருளைக்கட்டையில தலை செதுக்கினா நெத்தியிலேர்ந்து கன்னம் வரைக்கும் வெடிப்பு விடுது. இதுக்கு வழி, நடுத்தண்டு இல்லாத பலகைத் துண்டுகளை ஒட்டி கட்டையாக்கி, செதுக்கினப்புறம் ரெண்டா பிளந்து உள்ள குடைஞ்சு, முக்கால் இஞ்சுக்குள்ள சுவர் விட்டு, திரும்ப ஒட்டி, உள்ளயும் வெளியயும் ஒண்ணு விடாம சீல் பண்றது. வெளிய மட்டும் பெயிண்ட் அடிச்சு உள்ள பச்சையா விட்டா ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, தலை முறுக்கிக்கும். தாடைக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு செஞ்ச மரவாய் ஐப்பசி மழையில அப்படியே சிக்கிக்கிட்டு நிக்கும், மேடையில அது நடந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

எந்த மரம்? பாஸ்வுட் நம்ம மரக்கடையில சுலபமா கிடைக்காது. தேக்கு வேணாம், உழைக்கும்தான் ஆனா தலைக்கு கனம் ஜாஸ்தி, வேம்பும் அப்படித்தான். நம்ம பொம்மலாட்டத்துல கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தைத்தான் எடுத்தாங்க, அப்படியும் ஒரு பொம்மை நாலரை அடி உயரம் பத்து கிலோ வரைக்கும் வரும், அவங்க அதை எப்படித் தாங்கினாங்கன்னா கயிறுகளை ஒரு இரும்பு வளையத்துல கட்டி அந்த வளையத்தைத் தலையில மாட்டிக்குவாங்க, கனம் கழுத்துக்கும் முதுகுக்கும் போயிடும். நமக்கு அந்த வசதி இல்ல. முழுத் தலையையும் ஒரு மணிக்கட்டுலதான் தூக்கிப் பிடிக்கணும், அதே கை விரல்தான் வாயையும் இழுக்கணும், கண்ணையும் ஆட்டணும். மெக்கானிசத்தோட சேத்து தலை ஒரு கிலோவுக்குப் பக்கத்துல நின்னா நல்லது, ஒன்றரை தாண்டினா இருபது நிமிஷ ஷோவுல கை நடுங்க ஆரம்பிச்சிடும். கல்யாண முருங்கை லேசுதான், ஆனா வண்டு அரிச்சு சீக்கிரம் உளுத்துப்போகும். என் கணக்குல நம்ம ஊர்ல சரியான மரம் குமிழ், லேசு, உளிக்கு இணங்கும், நல்லா காஞ்சிருந்தா அவ்வளவா முறுக்காது. ஆசாரிகிட்ட நல்லா காஞ்ச குமிழ்னு கேட்டு வாங்குங்க, பச்சையா குடுத்தா எடுக்காதீங்க.

பேப்பருக்கு வர்றேன், இதைப் பத்தித்தான் நிறைய சொல்லணும், ஏன்னா இதை சின்னப்பசங்க கைவேலைன்னு நினைச்சு ஒதுக்குறவங்கதான் அதிகம். கொலு பொம்மை எத்தனை வீட்ல பாட்டி காலத்துலேர்ந்து வருது, அதுல எத்தனை காகிதக்கூழ் பொம்மைன்னு யோசிச்சுப் பாருங்க. புதுச்சேரி பக்கம் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கு புவிசார் குறியீடே இருக்கு. ஆனா கொலு பொம்மை படியில சும்மா உக்காந்திருக்கும், நம்ம பொம்மை ஆடும், அதனால கூழை அப்படியே எடுத்துக்கக் கூடாது. கூழ் அடிச்சு சாக் பவுடர் கலந்து மோல்டுல அமுக்கினா மூஞ்சி நல்லா வழவழன்னு வரும், ஆனா அதுல நார் எல்லாம் சின்னச் சின்னதா உடைஞ்சிருக்கும், ஓரத்துல தட்டினா பொலபொலன்னு உதிரும். கிழிச்ச பேப்பர் துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டினா நீள நார் குறுக்கும் நெடுக்கும் ஓடுது, காஞ்சதும் பிளைவுட் மாதிரி ஆயிடும், ஓட்டை போட்டா உதிராது, கீழ விழுந்தா நசுங்குமே தவிர உடையாது. நசுங்கினதை உள்ள கை விட்டு தள்ளி ரெண்டு அடுக்கு ஒட்டினா தீந்துது.

செய்முறை சுருக்கமா. களிமண்ணுல தலை பிடிச்சு, காதுக் கோட்டுல பிரிச்சு முன்பாதி பின்பாதின்னு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு துண்டு மோல்டு எடுத்து, அது நல்லா காஞ்சதும் உள்ள வாசலின் தடவி பேப்பர் ஒட்ட ஆரம்பிக்கணும். பேப்பரை கத்தரியால வெட்டாதீங்க, கையால கிழிங்க, கிழிச்ச ஓரம் மெல்லிசா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு படியும். ஒரு அடுக்கு பழுப்பு கவர் பேப்பர், அடுத்த அடுக்கு நியூஸ்பேப்பர்னு மாத்தி மாத்தி ஒட்டினா எங்க விட்டோம்னு தெரியும். எட்டு பத்து அடுக்கு போதும், தாடை மூட்டு வர்ற இடத்துலயும் கழுத்துலயும் கூட நாலு. ரெண்டு மூணு அடுக்குக்கு ஒருதடவை காய விடணும், அவசரப்பட்டு மொத்தமா ஒட்டினா மேல காஞ்சு உள்ள ஈரமா இருந்து பூஞ்சை பிடிச்சிடும், அந்த நாத்தம் அப்புறம் போகவே போகாது. ரெண்டு பாதியையும் சேர்க்கிறப்ப உள்பக்கம் காடாத் துணிப் பட்டையை ஃபெவிகால்ல நனைச்சு ஒட்டுங்க.

பசை விஷயத்துல ஒரு கண்டிப்பு. மைதாப் பசை மலிவு, நல்லாவும் ஒட்டும், ஆனா அது பூச்சிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு. பழைய பைண்டிங் கடைக்காரங்க பசையில மயில்துத்தம் போட்டது அதுக்குத்தான். மயில்துத்தம் விஷம், வீட்ல குழந்தை இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, ஃபெவிகாலையே கொஞ்சம் தண்ணி விட்டு எடுத்துக்கலாம். கடைசியா உள்பக்கம் பூரா எபாக்ஸி ரெசின் ஒரு கோட் அடிச்சிட்டா ஈரமும் உள்ள போகாது, பேப்பரும் ஓடு மாதிரி இறுகிடும். பேப்பர் தலைக்கு இருக்கிற ஒரே பெரிய எதிரி தண்ணி, அந்த ஒரு கோட்டுல அது முக்கால்வாசி தீந்துடுது.

ஃபைபரோட பலம் சந்தேகமே இல்லாதது. தண்ணி, வண்டு, பூஞ்சை எதுவும் ஒண்ணும் பண்ணாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் சுவர் போதும், தாடை எந்த மழையிலயும் சிக்காது, ஒரே மோல்டுல எத்தனை தலை வேணும்னாலும் எடுக்கலாம். நம்ம ஊர்ல சிலை, சினிமா செட், கடை வாசல் பொம்மைன்னு ஃபைபர் வேலை செய்றவங்க நிறைய இருக்காங்க, மோல்டை குடுத்தா அவங்களே போட்டுக் குடுப்பாங்க, முதல்தடவை அப்படிப் பண்றதுதான் எனக்கு சரின்னு படுது. வீட்லயே பண்றதா இருந்தா ரெசினை இறுக வைக்க ஊத்துற ஆக்ஸலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீங்க, வெடிக்கும். ஆக்ஸலரேட்டரை ரெசின்ல முதல்ல கலக்கி முடிச்சிட்டு அதுக்கப்புறம்தான் ஹார்டனர். வாசனைக்கு துணி மாஸ்க் பத்தாது, கரிவடிகட்டி வச்ச ரெஸ்பிரேட்டர் வேணும், மொட்டை மாடியில செய்யணும், தேய்க்கிறப்ப வர்ற கண்ணாடித் தூள் தோல்ல பட்டா நாள் பூரா அரிக்கும். இன்னொண்ணு, ஃபைபர் சுவர்ல ஸ்க்ரூ நேரா பிடிக்காது, மெல்லிசா இருக்கும், அதனால அச்சு வர்ற இடத்துல உள்ள மரத்துண்டை வச்சு அது மேல கண்ணாடி நார் விரிப்பு (மேட்) ஒரு அடுக்கு ஒட்டிடணும். இதை விட்டுட்டு வெறும் ஓட்டுல கம்பியை நுழைச்சா கொஞ்ச நாள்ல ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிடும்.

வெளிநாட்டுல இப்ப பாலியூரித்தேன் ரெசினை மோல்டுல ஊத்தி எடுக்கிற முறை ரொம்ப ஓடுது, சீக்கிரம் இறுகும், நுணுக்கம் அருமையா வரும். நம்ம கடற்கரை ஊர்ல எனக்கு அதுல நம்பிக்கை குறைவு. அந்த ரெசின் காத்துல இருக்கிற ஈரத்தோட சேந்தா கேஸ் விட்டு நுரைக்கும், நவம்பர் மாச சென்னையில திறந்து வச்சு ஊத்தினா மூஞ்சியெல்லாம் குமிழ். ஏசி ரூம் இருந்தா பாருங்க.

த்ரீடி பிரிண்ட்தான் இப்ப எல்லாரும் கேக்கிறது. தலை பூரா பிஎல்ஏங்கிற பிரிண்டர் பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணிடலாமேன்னா, பிஎல்ஏ அறுபது டிகிரி பக்கத்துல இளக ஆரம்பிச்சிடும், மே மாசம் வெயில்ல பூட்டி நிறுத்தின கார்குள்ள அந்த சூடு வந்துடும். ஷோ முடிச்சு பொம்மையை டிக்கியில போட்டு சாப்பிடப் போயிட்டு வந்தா தாடை வளைஞ்சிருக்கும். மத்த பிரிண்டர் பிளாஸ்டிக்ல பிஇடிஜி எண்பது வரைக்கும், ஏபிஎஸ் நூறு தாண்டியும் தாங்கும், அப்படியும் அடுக்கு அடுக்கா போகுற கோட்டு வழியில இழுத்தா பிரியும், மூஞ்சியில வரி தெரியாம தேச்சு பட்டி போட்டு பிரைமர் அடிக்கிற நேரத்துல பேப்பர் தலையே முடிஞ்சிடும். ஆனா கண்ணுருண்டை, கண்ணை ஆட்டுற சட்டம், விரல் லீவர், தாடைக்கு உள்ள அச்சு நுழையுற ஓட்டை வச்ச ரெண்டு காது மாதிரி துண்டு, இதெல்லாம் பிஇடிஜில பிரிண்ட் பண்ணி வச்சா உடைஞ்ச அன்னிக்கே அதே அளவுல இன்னொண்ணு எடுத்து மாட்டலாம், அங்கதான் அது உண்மையான வரம்.

ஸ்பாஞ்ச் பொம்மையும் லேட்டெக்ஸ் பொம்மையும் நீண்ட நாள் கணக்குல வராது. ஸ்பாஞ்ச் நம்ம ஈரத்துல சில வருஷத்துல மஞ்சளாகி தொட்டா மாவா உதிரும், லேட்டெக்ஸ் வெயிலும் காத்தும் பட்டு வெடிக்கும். ரெண்டும் லேசு, விளையாட நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

இப்ப உள்ள இருக்கிற வேலை. இங்கதான் காசையும் நேரத்தையும் கொட்டணும்னு சொல்றேன். தாடை அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, ஸ்டெயின்லெஸா பாத்து எடுங்க, ரெண்டு மில்லிமீட்டர் கனம், வளையாது, எந்தத் தெருவுலயும் கிடைக்கும். கம்பி நேரா பேப்பர்லயோ மரத்துலயோ உரசக் கூடாது, பித்தளைக் குழாய் சின்னத் துண்டு வெட்டி புஷ் மாதிரி ஒட்டி அதுக்குள்ள கம்பி ஓடணும். அது தேஞ்சா குழாயை மட்டும் மாத்தலாம். கயிறுக்கு சாதா நைலான் வேணாம், இழுபடும், ஈரத்துல இன்னும் இழுபடும், இன்னிக்கு சரியா திறந்த வாய் அடுத்த மாசம் பாதிதான் திறக்கும். பின்னின பாலியெஸ்டர் மீன்பிடி நூல் நல்லது, அதை விட நல்லது சைக்கிள் பிரேக் கேபிளோட உள்கம்பி. திருப்பி மூட ரப்பர் பேண்ட் வச்சா நம்ம வெயிலுக்கு பிசுபிசுன்னு ஆகி அறுந்துடும், இழுக்கிற வகை ஸ்டீல் ஸ்ப்ரிங் ஹார்டுவேர் கடையில கேட்டு வாங்குங்க, கடலோர ஊர்ல இருந்தா துருப்பிடிக்காததா கேளுங்க. தாடை மூடுறப்ப டக்குனு சத்தம் வந்தா மைக்ல அது பேச்சை விட பெருசா கேக்கும், மோதுற இடத்துல மெல்லிய தோல் துண்டு ஒட்டினா அடங்கிடும்.

தலைக்கம்பை கழுத்துல ஃபெவிகால் போட்டு நிரந்தரமா ஒட்டிடாதீங்க. கழுத்துக்குள்ள அரை இஞ்ச் பிளைவுட் வட்டம் ஒண்ணு ஒட்டி, கம்பை அதுல போல்ட்டு நட்டு போட்டு மாட்டுங்க. தலையோட முழு முறுக்கும் அந்த இடத்துலதான் விழுது. அசைவு எத்தனை வேணும்ங்கிறதையும் அடக்கமா முடிவு பண்ணுங்க. 1930கள்ல அமெரிக்காவுல மெக்எல்ராய் சகோதரர்கள் செஞ்ச பொம்மைகள்ல தலைக்கம்புல டைப்ரைட்டர் மாதிரி வரிசையா கட்டை வச்சு மூஞ்சி பூரா அசையும், பாக்க பிரமிப்பா இருக்கும், ஆனா ஒவ்வொரு அசைவும் ஒரு கயிறு, ஒரு ஸ்ப்ரிங், ஒரு அச்சு, கெடுறதுக்கு ஒரு இடம். முதல் பொம்மைக்கு வாய், பக்கவாட்டுக் கண், இது ரெண்டும் போதும், இமையும் புருவமும் கதவு இருக்கிறதால பின்னாடி சேத்துக்கலாம். அந்தப் பின்கதவு உள்ளங்கை நுழையுற அளவு இருக்கணும், ரெண்டு ஸ்க்ரூ போட்டு மூடுங்க, விக்கை நேரா தலையில ஒட்டாம வெல்க்ரோல நிறுத்துங்க.

உடம்பைப் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. தோளுக்கும் இடுப்புக்கும் பிளைவுட், சுத்தி மெல்லிய அட்டையோ காடாத் துணியோ, பின்னாடி கை நுழைய இடம், கழுத்து உருளை சுத்துற தோள் ஓட்டையில ஃபெல்ட் பட்டை. பெயிண்ட் மட்டும் பளபளப்பில்லாத மேட் அக்ரிலிக்கா இருக்கட்டும், பளபளன்னு எனாமல் அடிச்சா மேடை லைட்டு மூஞ்சியில திட்டுத்திட்டா விழுந்து கண்ணும் வாயும் தூரத்துக்குத் தெரியாது, உதிர்ந்தா ஒட்டுப்போடவும் மேட்தான் சுலபம். அடிச்ச கலரைக் கலக்கி ஒரு சின்ன டப்பாவுல மூடி வச்சுக்குங்க, அதே தோல் நிறம் ரெண்டாவது தடவை வராது.

ஸ்கூல், கல்யாணம், கோயில் திருவிழான்னு பஸ்ல தூக்கிட்டுப் போறவங்களுக்கு பேப்பர் தலைதான், லேசு, ராத்திரி ரூம்ல உக்காந்தே ரிப்பேர் பண்ணலாம். வெளியூர், வெளிநாடு, மழையில திறந்த மேடைன்னு போறவங்க கொஞ்சம் கனம் கூடினாலும் ஃபைபருக்கே போங்க. பேப்பரோ ஃபைபரோ, தலை எடுத்து முடிச்சதும் பிளாஸ்டர் மோல்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு பாதியையும் காய வச்சு கயிறு கட்டி ஈரம் படாத பரண்ல ஏத்திடுங்க, முடிஞ்சா அதே மோல்டுல தாடைப் பகுதி மட்டும் இன்னொண்ணு எடுத்து, அச்சு ஓட்டையை முதல் தாடையை அளவு வச்சே துளை போட்டு, பெயிண்டும் அடிச்சு பொம்மைப் பெட்டியில போட்டு வைங்க, கூட ஒரு ஸ்ப்ரிங், ரெண்டு முழம் கேபிள், ஒரு ஸ்க்ரூடிரைவர்.